எண் யார் கையில்?

ஐந்து மில்லி நீலக் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர், ஒரு சோதனைக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு. 1970-களில் சர்க்கரை நோயாளி இருந்த பல வீடுகளில் காலைக் காப்பிக்கு முன்னால் நடந்த வேலை இது. குழாயை இடுக்கியில் பிடித்து, அதன் வாய் யார் முகத்தையும் பார்க்காதபடி சாய்த்து, தீயில் காட்டிக்கொண்டே ஆட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பொங்கி வெளியே தெறிக்கும். நீலம் நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சைக்குத் திரும்பினால் ஒரு பிளஸ், மஞ்சளுக்கு இரண்டு, ஆரஞ்சுக்கு மூன்று. செங்கல் நிறத்தில் வண்டல் இறங்கினால் நான்கு பிளஸ்; அன்று அந்த வீட்டில் யாரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் 1908-ல் உருவாக்கிய கரைசல் அது. செம்பு சல்பேட், சோடியம் கார்பனேட், சோடியம் சிட்ரேட் மூன்றும் சேர்ந்த கலவை. பிளஸ் டூ படித்தவர்கள் பலருக்கு ஆய்வகத்தில் அதன் நீலம் பழக்கமாகியிருக்கும். மலிவானது, கெட்டுப்போகாது, கண்ணுக்கு நேராகப் பதில் சொல்லும். ஒரே குறை, அது சொல்லும் செய்தி பழையது. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும். வெளியே வந்ததும் சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் காத்திருக்கும். காலை ஆறு மணிக்குக் குழாயில் தெரியும் நிறம் நள்ளிரவின் கதை. இன்னொரு சங்கடமும் உண்டு. ரத்தச் சர்க்கரை 140 என்றாலும் நீலம்தான், 40 என்றாலும் நீலம்தான். 140 உள்ளவர் காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். 40 உள்ளவர் வாசற்படியிலேயே மயங்கி விழலாம்.

இந்தக் குழாயில் தொடங்கி இன்று புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வரையிலான வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் அதற்குள் ஒரு சண்டையின் கதையும் இருக்கிறது. எண்ணை யார் பார்ப்பது, மருத்துவரா, நோயாளியா என்ற சண்டை.

ஆதியில் எண்ணே கிடையாது, நாக்குதான். சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு ‘மதுமேகம்’, அதாவது தேன்நீர், என்று பெயர் வைத்தவர்கள் நம் பழைய மருத்துவர்கள். இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1674-ல் அதே இனிப்பை எழுதிவைத்தார். அது உண்மையிலேயே சர்க்கரைதான் என்று காட்ட இன்னும் நூறாண்டு பிடித்தது. லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் ஒரு நோயாளியின் சிறுநீரை அடுப்பில் சுண்டக் காய்ச்சினார். அடியில் வெள்ளையாகப் பொருபொருவென்று ஒரு கட்டி தங்கியது. எடுத்துச் சுவைத்தார். சர்க்கரையின் ருசி. அந்த நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரும் இனித்தது என்று 1776-ல் வெளியான கட்டுரையில் அவர் எழுதியதுதான் முக்கியம்: குற்றவாளி சிறுநீரகத்தில் இல்லை, ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரிந்தும் ரத்தத்தைப் பார்ப்பது வீட்டு வேலையாக ஆகவில்லை. 1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு, ஊசி போட்டுக்கொண்டு உயிர் வாழ்கிற ஒரு தலைமுறையே உருவான பிறகும் வீட்டில் இருந்த ஒரே வழிகாட்டி சிறுநீர்தான். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் இருந்த ஏம்ஸ் நிறுவனம் 1941-ல் ‘கிளினிடெஸ்ட்’ மாத்திரையைக் கொண்டுவந்தது. குழாயில் போட்டதும் தானே கொதிக்கும். ஸ்பிரிட் விளக்கு வேண்டாம். 1956-ல் அங்கேயே பணியாற்றிய ஆல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ தம்பதி குழாயையும் ஒழித்தார்கள். ஒரு காகிதக் குச்சி. நனைத்தால் நிறம் மாறும். அவ்வளவுதான்.

அந்தக் காகித நுனியில் தடவியிருந்த சரக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. 1928-ல் டெட்லெவ் முல்லர் ஒரு கரும்பூஞ்சையில் கண்டெடுத்தது. உலகத்தில் எத்தனையோ சர்க்கரைகள் இருந்தாலும் இது குளுக்கோஸைத்தான் தேடிப் பிடிக்கும். பிடித்து, ஆக்ஸிஜனைச் செலவழித்து, ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியே தள்ளும். தேனீக்கள் தேன் கெடாமல் இருக்கத் தங்கள் சுரப்பியிலிருந்து தேனில் கலப்பதும் இதே வகை நொதியைத்தான். தேனின் பெயரால் அழைக்கப்பட்ட நோயை அளக்கத் தேனீயின் கூட்டிலும் இருக்கிற பொருள் வந்து சேர்ந்தது யாரும் திட்டமிட்டதில்லை. ஃப்ரீ தம்பதியின் குச்சியில் தொடங்கி இன்று விற்கும் சென்சாரின் இழை வரை பலவும் இந்த நொதியை நம்பித்தான் பிழைக்கின்றன.

1965-ல் ஏம்ஸ் நிறுவனம் ‘டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ்’ என்ற குச்சியை வெளியிட்டது. இது ரத்தத்துக்கானது. பெரிய சொட்டாக வைத்து, சரியாக ஒரு நிமிடம் காத்திருந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, வந்த நிறத்தை டப்பாவில் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் கண்ணுக்கு 130-ஆகத் தெரிவது இன்னொருவருக்கு 180. இதைத் தீர்க்க ஆன்டன் கிளெமன்ஸ் என்ற பொறியாளர் நிறத்தின் மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் அளவை முள் காட்டும்படி ஒரு பெட்டி செய்தார். ஒரு கிலோவுக்கு மேல் எடை, பல நூறு டாலர் விலை. அதை டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள்.

1969-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர் ஒரு விளம்பரத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தார். ஆய்வகம் பூட்டியிருக்கும் இரவு நேரத்தில், அவசரப் பிரிவுக்கு நினைவின்றித் தூக்கி வரப்படுபவர் குடிபோதையில் இருக்கிறாரா, சர்க்கரை நோயாளியா என்று கண்டுபிடிக்க உதவும் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். பெர்ன்ஸ்டீனுக்கு 12 வயதிலிருந்து சர்க்கரை நோய். முப்பதைத் தாண்டும்போதே சிறுநீரகம் வரை பாதிப்பு தொடங்கியிருந்தது. எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டார். நோயாளிக்கு விற்க மாட்டோம் என்று பதில். அவர் மனைவி மருத்துவர். மனைவி பெயரில் ஆர்டர் போட்டு வாங்கினார்.

ஒரு நாளைக்கு ஐந்து முறை விரலைக் குத்திப் பார்க்கத் தொடங்கியதும், டாக்டர் சொன்னபடி தினமும் ஒரே ஊசியும் அதற்கேற்ற சாப்பாடுமாக இருந்த தன் உடம்பில் சர்க்கரை மலைக்கும் மடுவுக்குமாக ஓடிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். உணவை மாற்றி, ஊசியைப் பிரித்துப் போட்டு, ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கினார். இதைக் கட்டுரையாக எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினால் திரும்பி வந்தது. ஒரு பொறியாளர் எழுதியதை யார் போடுவார்கள்? 45 வயதில் வேலையை விட்டுவிட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். டாக்டராகி, பிற நோயாளிகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டு, 90 வயதைக் கடந்து 2025-ல் மறைந்தார். அவர் பரிந்துரைத்த கடுமையான மாவுச்சத்துக் கட்டுப்பாட்டைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. வீட்டில் மீட்டர் வேண்டுமா என்பதில் வாதமே இல்லை.

1978-ல் லண்டன், நாட்டிங்ஹாம் மருத்துவர்கள் நோயாளிகளே வீட்டில் ரத்தம் பார்க்க முடியும் என்று லான்செட் இதழில் எழுதினார்கள். 1987-ல் பேனா வடிவத்தில் ஒரு மீட்டர் வந்தது. அதற்குள் நிறத்தைப் பார்க்கும் வேலை போய், நொதி கிளப்பும் மின்னோட்டத்தை அளக்கும் வேலை வந்திருந்தது. 1993-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் முதல் வகை (டைப் 1) நோயாளிகளுக்குக் கண் பாதிப்பு தொடங்கும் அபாயம் 76 சதவீதம் குறைகிறது என்றது அது. ஒரு நாளைக்கு நான்கு முறையாவது குத்திப் பார்ப்பது அந்த இறுக்கத்தின் ஒரு பகுதி. அன்றிலிருந்து விரல்களுக்கு ஓய்வில்லை.

விரல் நுனியில் நரம்பு முனைகள் அடர்த்தி. வீணை வாசிப்பவருக்கும் தையல்காரருக்கும் சோறு போடும் இடம் அது. அனுபவஸ்தர்கள் நடுப்பகுதியைத் தொட மாட்டார்கள். பக்கவாட்டில் குத்துவார்கள், மோதிர விரலும் சுண்டு விரலும் முதலில், முறைவைத்து மாற்றி மாற்றி. ஆனாலும் பல வருடம் ஆனால் தோல் தடித்து, உற்றுப் பார்த்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். மாம்பழம் நறுக்கிவிட்டுக் கை கழுவாமல் குத்தினால் மீட்டர் முந்நூறைக் காட்டிப் பயமுறுத்தும். ஸ்பிரிட் பஞ்சில் துடைத்து, ஈரம் காயுமுன் குத்தினால் எரிச்சல், எண்ணும் தப்பாகலாம். இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது ஒரு புகைப்படம்தான். இரவு பத்து மணிக்கு 110. விடியற்காலை மூன்று மணிக்கு? அந்த 1993 ஆய்விலேயே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு அபாயகரமான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு அதிகம் வந்தது. அதில் பாதிக்கு மேல் தூக்கத்தில். குழந்தைக்கு நோய் என்றால் பெற்றோர் அலாரம் வைத்து எழுந்து, போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்ன விரலை வெளியே எடுத்துக் குத்துவார்கள்.

தொடர்ந்து பார்க்கும் யோசனை அதற்கெல்லாம் முந்தியது. ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்கும் மின்முனையைச் செய்து பெயர் பெற்றிருந்த லீலேண்ட் கிளார்க், 1962-ல் அதன் முன்னால் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸை மெல்லிய சவ்வுக்குள் அடைத்துவைத்தால் குளுக்கோஸையும் அளக்கலாம் என்று எழுதினார். அறுவைச் சிகிச்சை மேசையில் கிடக்கும் நோயாளிக்காக நினைத்தது அது. 1982-ல் ஜப்பானின் ஒசாகாவில் மோட்டோஆக்கி ஷிச்சிரியின் குழு அதை ஊசி வடிவமாக்கித் தோலுக்கடியில் செருகியது. சிக்கல் வேதியியலில் இல்லை, உடம்பில் இருந்தது. உள்ளே வந்த எதையும் உடம்பு முள் குத்தியது போலத்தான் பார்க்கும். புரதத்தைப் பூசும், செல்களை அனுப்பிச் சுற்றி வளைக்கும். அளவு நகர்ந்துகொண்டே போகும்.

1999-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மினிமெட் நிறுவனத்தின் முதல் தொடர் கண்காணிப்புக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. வயிற்றுத் தோலுக்கடியில் சென்சார், அதிலிருந்து ஒரு ஒயர், இடுப்பில் பேஜர் அளவுப் பெட்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒரு நாளைக்கு 288. மூன்று நாள் ஓடும். சுமந்து திரிந்தவரால் மட்டும் அந்த எண்களைப் பார்க்க முடியாது! மூன்று நாள் கழித்துக் கிளினிக்குக்குப் போய்க் கொடுத்தால், மருத்துவர் கணினியில் இறக்கிப் பார்ப்பார். தொழில்நுட்பம் முப்பது ஆண்டு முன்னேறியிருந்தது, நிலைமை என்னவோ பெர்ன்ஸ்டீனுக்கு மீட்டர் விற்க மறுத்த நாளிலேயே நின்றிருந்தது.

நடுவில் ஒரு கைக்கடிகாரம் வந்து போயிற்று. 2001-ல் அனுமதி பெற்ற ‘குளுக்கோவாட்ச்’ ஊசியே இல்லாமல், சிறு மின்னோட்டத்தால் தோல் வழியாகத் திசுநீரை வெளியே இழுத்து அளந்தது. கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தால்தான் வேலை தொடங்கும். வியர்த்தால் அளவைத் தவறவிடும். கழற்றினால் மணிக்கட்டில் சிவந்து தடித்திருக்கும். சில ஆண்டுகளில் சந்தையைவிட்டுப் போய்விட்டது. கண்ணீரில் சர்க்கரை அளக்கும் கான்டாக்ட் லென்ஸ் என்று கூகுள் 2014-ல் தடபுடலாக அறிவித்ததும் 2018-ல் கைவிடப்பட்டது. குத்தாமல் அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் இன்றும் இணையத்தில் விற்கின்றன. 2024-ல் அமெரிக்க நிர்வாகம் அப்படிப்பட்ட எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று எச்சரிக்கை விடவேண்டி வந்தது.

2006-ல் டெக்ஸ்காம் நிறுவனத்தின் கருவி வந்தபோது எண் நோயாளியின் கண் முன்னே வந்தது. ஆனால் கூடவே ரிசீவரும் இருக்க வேண்டும், அதுவும் சில அடி தூரத்துக்குள். பள்ளிக்குப் போன குழந்தையின் சர்க்கரை பள்ளியில்தான் தெரியும். நியூயார்க் மாநிலத்து மென்பொருள் பொறியாளர் ஜான் காஸ்டிக்கின் நான்கு வயது மகனுக்கு 2012-ல் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. 2013-ல் அவர் ரிசீவரை ஒரு ஆண்ட்ராய்டு போனோடு கேபிளில் இணைத்து, எண்ணைப் படித்து, இணையத்தில் ஏற்ற ஒரு நிரல் எழுதினார். அலுவலகத்தில் உட்கார்ந்தபடி மகனின் எண்ணைப் பார்த்தார். செய்தி பரவியது, பிற பெற்றோர் கேட்டார்கள், அது ‘நைட்ஸ்கவுட்’ என்ற இலவசத் திட்டமானது. ‘நாங்கள் காத்திருக்கப் போவதில்லை’ என்பது அவர்கள் கோஷம். நிறுவனங்களுக்கும் அரசு நிர்வாகத்துக்கும் முதலில் சங்கடம்தான். 2015 ஜனவரியில், பிறர் போனில் எண்ணைக் காட்டும் டெக்ஸ்காமின் சொந்தச் செயலிக்கு அனுமதி வந்தது. தகப்பன் ஒருவர் கேபிளால் திறந்த கதவு என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனை நடந்தும் விரல் தப்பவில்லை என்பதுதான் வேடிக்கை. உடம்புக்குள் அளவு நகர்வதால் அந்தச் சென்சார்களுக்கு எல்லாம் தினமும் விரலைக் குத்திச் ‘சரியான’ எண்ணை ஊட்ட வேண்டியிருந்தது. விரலுக்கு மாற்று என்று வாங்கி, அதற்காகவே விரலைக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த முடிச்சை அவிழ்த்ததில் ஆடம் ஹெல்லருக்குப் பெரிய பங்கு உண்டு. ருமேனியாவின் க்ளூஜ் நகரில் பிறந்து, நாஜிகளின் யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்து, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மின்வேதியியலாளர். கிளார்க்கின் முறையில் நொதிக்கு ஆக்ஸிஜன் வேண்டும்; திசுவில் அது ஒரு சமயம் போல ஒரு சமயம் இருக்காது. ஹெல்லர் ஆஸ்மியம் கலந்த ஒரு பாலிமரால் நொதியையும் மின்முனையையும் நேரடியாகக் கோத்தார். ஒவ்வொரு நொதிக்கும் ஒயர் இழுத்தது போல. 1996-ல் மகன் எஃப்ரயிமுடன் தொடங்கிய தெராசென்ஸ் நிறுவனம் முதலில் செய்தது, ஒரு துளியிலும் துளியான 300 நானோலிட்டர் ரத்தம் போதும் என்கிற மீட்டர். 2004-ல் அபாட் நிறுவனம் அதை வாங்கியது. பத்தாண்டு கழித்து 2014-ல் அதே வேதியியலிலிருந்து ‘ஃப்ரீஸ்டைல் லிப்ரே’ ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அளவுத் திருத்தம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். 14 நாள் ஓடும். இரண்டு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வில்லை. அதன் அடியில் அரை சென்டிமீட்டர் நீள இழை.

புஜத்தின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினால் ஒரு ‘டக்’. பலர் அடுத்து வலி வரும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முடிந்துவிட்டது என்று சொன்னால்தான் திறப்பார்கள். இழையைத் தோலுக்குள் கொண்டுபோன ஊசி அதே நொடியில் வெளியே வந்துவிடும், இழை மட்டும் உள்ளே தங்கும். முதல் மாதிரியில் சட்டைக்கு மேலேயே ரிசீவரைக் காட்டினால் எண் வரும், அதோடு கடந்த எட்டு மணி நேரத்தின் கோடும், மேலே போகிறதா கீழே வருகிறதா என்று ஒரு அம்புக்குறியும். அலாரம் பின்னால் வந்த மாதிரிகளில்தான் சேர்ந்தது. 2018-ல் டெக்ஸ்காமின் ஜி6 வந்ததோடு அங்கேயும் விரல் குத்தும் கட்டாயம் நீங்கியது.

சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை என்பது பலருக்கு ஆச்சரியம். அது இருப்பது செல்களுக்கிடையே ஊறும் திசுநீரில். ரத்தம் வாய்க்கால் என்றால் திசு பாத்தி. வாய்க்காலில் தண்ணீர் ஏறி, மடை வழியாகப் பாத்தி நனைய ஐந்து பத்து நிமிடம் ஆகும். சர்க்கரை நிதானமாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. படியேறி மூச்சு வாங்கும்போதோ, லோ சுகருக்கு குளுக்கோஸ் தின்ற பிறகோ புஜம் ஒன்று சொல்லும், விரல் இன்னொன்று சொல்லும். சென்சார் உள்ள பக்கமாகவே புரண்டு படுத்தால் அந்த இடத்தில் ஓட்டம் அழுந்தி, இல்லாத லோ சுகருக்கு நடுராத்திரியில் அலாரம் அடிக்கும். உடம்பு நடுங்குகிறது, எண் 120 என்கிறது என்றால் உடம்பை நம்பி விரலைக் குத்திப் பார் என்பதுதான் இன்றைக்கும் மருத்துவர்கள் சொல்லும் விதி.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு கிளை உண்டு. 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவு தொடங்கி, பிறகு ராயபுரத்தில் தனி மருத்துவமனையே கட்டிய மருத்துவர் எம். விஸ்வநாதன் காலம் முதல் இந்த ஊர் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் கணக்குச் சொன்ன தேசிய ஆய்வையும் சென்னை ஆய்வாளர்கள்தான் முன்னின்று நடத்தினார்கள். லிப்ரே 2015-ல் இந்தியாவுக்கு வந்தபோது ‘ப்ரோ’ என்ற வடிவில் வந்தது. அதில் நோயாளிக்கு எண் தெரியாது. ஒட்டிக்கொண்டு போய், இரண்டு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வந்தால், மருத்துவர் இறக்கிப் பார்ப்பார். 1999-ன் மினிமெட் ஏற்பாடு அப்படியே மறுபடியும். அதற்கு ஒரு நியாயம் இருந்தது: பார்த்தால் சாப்பாட்டை மாற்றிவிடுவார்கள், உண்மை தெரியாது. சாப்பாட்டை மாற்றுவதற்குத்தானே பார்ப்பது என்று கேட்டவர்களுக்கும் நியாயம் இருந்தது.

நோயாளியே பார்க்கும் சென்சார் பிறகு வந்தது. ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய், ஆயுள் இரண்டே வாரம். இங்கிலாந்தில் 2022-லிருந்து முதல் வகை நோயுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் அரசு மருத்துவச் சேவை தர வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது, இங்கே கைக்காசு. அதனால் இங்கே ஒரு நடுவழி பழக்கமாகியிருக்கிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சென்சார் ஒட்டிக்கொள்வது. அந்தப் பதினான்கு நாளில் இட்லி மூன்றுக்கும் பொங்கல் ஒரு கரண்டிக்கும் கோடு எப்படி ஏறுகிறது, சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்தால் எவ்வளவு இறங்குகிறது, மத்தியானத் தூக்கம் என்ன செய்கிறது என்று வீடே கூடிப் பார்த்துக் குறித்துவைக்கிறது. பதினைந்தாம் நாள் குளிக்கும்போது பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தால் வட்டமாக ஒரு வெளுத்த தடம், நடுவில் கொசுக்கடி போல ஒரு புள்ளி. மறுநாள் காலை மேசை இழுப்பறையிலிருந்து குளுக்கோமீட்டர் வெளியே வருகிறது. ஸ்ட்ரிப் டப்பாவில் தேதி முடிந்துவிட்டதா என்று ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்க்க, இன்னொருவர் சுண்டு விரலைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்கிறார்.